ஓட்டக்காரர் சைக்கிள் ஏறும்போது: வாசகர் கேள்வி பதில்

ஜூனில், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தான் முடிந்ததும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஆண்டுதோறும் இதைப் பார்க்கலாம். ஓட்டக் காலணியைக் கொஞ்ச நாள் ஓரம் வைத்துவிட்டுப் பலர் சைக்கிளில் ஏறுகிறார்கள். கண் அக்டோபர் மாத அமாஷோவா சைக்கிள் போட்டி மீது: பீட்டர்மாரிட்ஸ்பர்கில் தொடங்கி டர்பன் வரை 106 கிலோமீட்டர். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. மூச்சு இருக்கிறது, கால் வர மறுக்கிறது.

நான்கு முறை காம்ரேட்ஸ் ஓடி முடித்தவன் நான், வயது 41. ஆறு வாரமாக சைக்கிள் ஓட்டுகிறேன். சமதரையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நேரம் போனாலே தொடை எரிகிறது. மூச்சு கொஞ்சமும் வாங்கவில்லை. முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சின்ன பக்கத்திலிருந்து நாலாவது. என் காலில் பலம் போதவில்லையா? — வாசகர், சாட்ஸ்வர்த்

பலம் இருக்கிறது. கியர்தான் தவறு. நீங்கள் கொடுத்திருக்கும் விவரத்தை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டிவிடலாம்.

முன்னால் 50 பல், பின்னால் 11-லிருந்து 28 வரை பதினோரு சக்கரம் உள்ள வழக்கமான ரோடு சைக்கிள் என்று வைத்துக்கொள்வோம். சின்ன பக்கத்திலிருந்து நாலாவது என்றால் 14 பல். மிதி ஒரு முழுச்சுற்று சுற்றும்போது வண்டி ஏறத்தாழ ஏழரை மீட்டர் நகரும். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கொஞ்சம் போக நிமிடத்துக்கு 57 சுற்று போதும். அதே வேகத்தை 21 பல் சக்கரத்தில் போனால் 85 சுற்று தேவை. இந்தச் சுற்றுக் கணக்கைத்தான் கடைக்காரர்கள் கேடன்ஸ் என்கிறார்கள். இங்கே மிதிவேகம் என்று சொல்வோம்.

இந்த வேகத்துக்கு ஏறத்தாழ 150 வாட் சக்தி தேவை என்று வைத்துக்கொண்டால், 170 மில்லிமீட்டர் கிராங்கில் (மிதியைத் தாங்கும் தண்டு) 57 சுற்றுக்குச் சராசரியாக 15 கிலோ அழுத்தம் வேண்டும். 85 சுற்றுக்கு 10 கிலோ போதும். வண்டி போகும் வேகம் ஒன்றே, செலவாகும் சக்தியும் ஒன்றே. ஒவ்வொரு மிதிக்கும் தொடை தூக்கும் சுமை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

ஓட்டக்காரருக்கு இது ஏன் குறிப்பாகக் கடிக்கிறது? ஓடும்போது குதிநாண் ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. கால் தரையில் பதியும்போது இழுபட்டு, கிளம்பும்போது அந்த விசையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. ஆண்டுக்கணக்கில் ஓடி நீங்கள் மெருகேற்றி வைத்திருப்பது அந்தச் சேமிப்பைத்தான். மிதியில் அப்படித் திரும்பி வருவது எதுவும் இல்லை. ஒவ்வொரு சுற்றையும் தொடையின் முன்தசையும் புட்டத் தசையும் புதிதாகத் தள்ளியாக வேண்டும். இதயமும் நுரையீரலும் காம்ரேட்ஸ் அளவுக்குத் தேறியிருப்பதால், தொடை தாங்குவதைவிட அதிகமாக வேலை கொடுத்துவிடுகிறீர்கள். மூச்சு வாங்காததால் எச்சரிக்கையும் வருவதில்லை.

உங்களுக்குச் சாதகமான செய்தி ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 170 அடி வைத்து ஓடுபவரின் ஒவ்வொரு காலும் 85 முறை தரையைத் தொடுகிறது. மிதிவேகம் 85 என்பதும் அதே தாளம்தான். அந்தத் தாளம் உங்கள் காலில் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகக் கற்க வேண்டியதில்லை. வண்டியில் ஏறியதும் நாம் ஓடுவதை மறந்து, படி ஏறுவது போல மிதிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

நாளைக் காலை செய்ய வேண்டியது இவ்வளவுதான். பின் கியரை நான்கு கிளிக் இலகுவாக்குங்கள். வலது முழங்கால் மேலே வருவதை 15 விநாடிக்கு எண்ணுங்கள். 21 அல்லது 22 வந்தால் சரி. 17-க்குக் கீழே போனால் உடனே ஒரு கிளிக் இலகுவாக்குங்கள். முதல் இரண்டு வாரம் பெரிய முன்சக்கரத்தோடு பின்னால் 17-க்குச் சிறிய பல்லைத் தொடாதீர்கள். இறக்கம் மட்டும் விலக்கு. வேகமானியை அந்த இரண்டு வாரமும் பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது. கண் வேகத்தின் மேல் இருந்தால் விரல் தானாகவே கனமான கியரைத் தேடிப் போகும்.

எனக்கு 34 வயது, உயரம் 158 சென்டிமீட்டர். வாரம் மூன்று நாள் ஓடுகிறேன், முழங்கால் வலித்ததே இல்லை. அண்ணனின் சைக்கிளை வாங்கி ஓட்ட ஆரம்பித்து நான்கு வாரம் ஆகிறது. இப்போது முழங்கால் சில்லுக்குக் கீழே வலி, படி இறங்கும்போது அதிகம். சீட் உயரம் 60 சென்டிமீட்டர். கீழே விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் தாழ்த்தி வைத்திருக்கிறேன். — வாசகி, ஃபீனிக்ஸ்

பயம் நியாயமானது, ஆனால் உங்கள் வலிக்கு அந்தத் தாழ்ந்த சீட்தான் முதல் காரணமாக இருக்க வேண்டும். சீட் தாழும்போது மிதி மேலே வரும் நேரத்தில் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. மடங்கிய நிலையிலேயே அழுத்தவும் வேண்டியிருப்பதால் சில்லு தொடை எலும்போடு இறுக்கமாக உராய்கிறது. ஒரு மணி நேரத்தில் இது ஐயாயிரம் முறை நடக்கிறது.

முதலில் காலை அளந்துகொள்ளுங்கள். காலணி இல்லாமல் சுவரில் முதுகு சாய்த்து நில்லுங்கள். பாதங்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே, சீட் அழுத்துகிற அளவுக்கு இறுக்கமாக மேலே தள்ளி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். 72 சென்டிமீட்டர் வந்தால், அதை 0.883-ஆல் பெருக்கினால் 63.6. கிராங்க் போல்ட்டின் நடுவிலிருந்து சீட் மேற்பரப்பு வரை, சீட் குழாயை ஒட்டி அளக்கும் உயரம் அது. இந்த எண் ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. பெடலின் தடிமன், காலணியின் அடிப்பாகம், இடுப்பின் வளைவு எல்லாம் அதைச் சற்று மேலும் கீழும் நகர்த்தும். சரிபார்க்க எளிய வழி: சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலை மிதியில் வைத்துக் கீழே தள்ளுங்கள். கால் நேராக வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை மிதியில் வைத்தால் முழங்காலில் 25-லிருந்து 35 டிகிரி வளைவு தானாக அமையும்.

உங்கள் சீட் மூன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். முதலில் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சவாரி போய்ப் பார்த்து இன்னொன்று, பிறகு ஐந்து ஐந்து மில்லிமீட்டராக. ஒவ்வொரு முறையும் சீட் கம்பத்தில் சின்னதாக இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டால் பழைய இடம் தெரியும். கம்பத்தில் பொறித்திருக்கும் கடைசிக் கோடு வெளியே தெரியும்படி ஏற்றக் கூடாது. கம்பமோ குழாயோ உடையும். நிற்க வேண்டிய நேரத்தில் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, மேல்குழாய்க்கு இருபுறமும் தரையில் கால் ஊன்றிப் பழகிக்கொண்டால், உயரம் பயமாகத் தெரியாது. ஆளில்லாத வாகன நிறுத்துமிடத்தில் இருபது முறை நிறுத்திக் கிளம்பினால் போதும்.

அண்ணனின் சைக்கிள் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். கிராங்கின் உள்பக்கத்தில் ஒரு எண் பொறித்திருக்கும்: 165, 170, 172.5, 175. பெரிய ஃபிரேமில் பெரும்பாலும் 172.5 அல்லது 175 இருக்கும். 72 சென்டிமீட்டர் காலுக்கு அது நீளம். 175-ஐ எடுத்துவிட்டு 165 போட்டால் கீழ்முனை 10 மில்லிமீட்டர் மேலே வருவதால் சீட்டையும் 10 மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும். மேல்முனையோ 10 மில்லிமீட்டர் தாழும். ஆக முழங்காலுக்கு மேலே 20 மில்லிமீட்டர் கூடுதல் இடம் கிடைக்கிறது. கைக்கு நீட்டம் அதிகமாக இருந்து தோள் வலிக்கும் என்றால், ஃபிரேமே பெரிது. அதற்குக் கிராங்கில் பணம் போடுவதைவிட உங்கள் அளவில் பழைய வண்டி ஒன்று தேடுவது மேல்.

வலி குறையும் வரை, பத்து நாளாவது, சமதரையில் இலகு கியரில் அரைமணி நேரம் மட்டும். வலி எங்கே என்பதைக் கவனித்து வாருங்கள். முழங்காலுக்கு முன்னால் என்றால் சீட் தாழ்வு, அல்லது சீட் மிகவும் முன்னால் தள்ளியிருக்கிறது, அல்லது கியர் கனம். பின்னால், மடிப்பில் என்றால் சீட் அதிக உயரம். வெளிப்பக்கம் என்றால் உயரமும் பாதம் திரும்பியிருக்கும் கோணமும். வீக்கம் கண்டாலோ, முழங்கால் இடையில் சிக்கிக்கொண்டாலோ, சீட்டைத் திருத்துவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

90 வரை மிதிக்கச் சொல்கிறார்கள். 88 தாண்டினாலே சீட்டில் துள்ளுகிறேன், இதயத் துடிப்பும் ஏறுகிறது. 75-ல் சுகமாக இருக்கிறது. கட்டாயம் 90 வேண்டுமா? — வாசகர், ரேஸ்தார்ப், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வேண்டாம். 90 ஒன்றும் வேதவாக்கு அல்ல. ஆக்ஸிஜன் செலவை மட்டும் பார்த்தால் 60, 70 சுற்றுதான் சிக்கனம். அப்படியிருந்தும் வேகமாகச் சுற்றச் சொல்வது தொடைக்காக. அழுத்தம் குறைந்தால், சீக்கிரம் களைக்கும் வேகத் தசை இழைகள் வேலைக்கு வர வேண்டிய தேவை குறையும். நான்காவது மணி நேரத்தில் அது தெரியும். சமதரையில் 80-லிருந்து 90, ஏற்றத்தில் 65-லிருந்து 75 உங்களுக்குப் போதும். ஆனால் 100 வரை துள்ளாமல் சுற்றத் தெரிந்தவருக்கு 85 ஓய்வு போல இருக்கும். அதற்காகத்தான் பயிற்சி.

துள்ளலுக்குக் காரணம், மிதி கீழ்முனைக்கு வந்த பிறகும் கால் கீழேயே அழுத்திக்கொண்டிருப்பது. அந்த அழுத்தம் போக இடமில்லாமல் இடுப்பைத் தூக்கிவிடுகிறது. கீழ்முனைக்குக் கொஞ்சம் முன்பே பாதத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். வாசற்படியில் செருப்புச் சேற்றைத் தேய்த்துவிட்டு உள்ளே வருகிறோமே, அதே அசைவு. விரல் நுனியைக் கீழே குத்தாதீர்கள். சீட் அதிக உயரமாக இருந்தாலும் இடுப்பு ஆடும், அதையும் பார்த்துவிடுங்கள்.

வாரம் இரண்டு நாள் இதைச் செய்யுங்கள். 15 நிமிடம் உடலைச் சூடாக்கிய பின் சின்ன முன்சக்கரம், பின்னால் 19 பல். 80-ல் தொடங்கி 30 விநாடிக்கு ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். துள்ளல் தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைவிட ஐந்து குறைத்து ஒரு நிமிடம் நில்லுங்கள். மூன்று நிமிடம் மெதுவாக. ஐந்து முறை. தோளும் விரல்களும் தளர்ந்திருக்க வேண்டும்; ஹேண்டில்பாரில் பியானோ வாசிப்பது போல விரலை அசைக்க முடிகிறதா என்று பாருங்கள். இதயத் துடிப்பு ஏறுவது முதலில் இயல்பு, கால் சுற்றக் கற்கும்போது வீண் அசைவு அதிகம். நரம்புக்குப் பழகப் பழக அது இறங்கும். டர்பன் கடற்கரை நடைபாதையில் இதை முயலாதீர்கள். அங்கே குழந்தைகளும் நாய்களும் குறுக்கே வரும். வீட்டில் ஸ்டாண்டில் மாட்டிச் செய்வது உத்தமம்.

எங்கள் குழுவில் மூத்தவர்கள், மேட்டில் கனமான கியரில் நசுக்கி ஏறினால்தான் கால் பலமாகும் என்கிறார்கள். உண்மையா? — வாசகர், லெனேசியா

பாதி உண்மை. 75 கிலோ எடையுள்ளவர் எட்டு சதவீத ஏற்றத்தில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறத்தாழ 185 வாட் தேவை. அதை 55 சுற்றில் நசுக்கி ஏறினாலும் மிதியில் சராசரி அழுத்தம் 19 கிலோ. மிதி கிடையாக இருக்கும் கணத்தில் அதில் இருமடங்கு போகலாம். வீட்டு மாடிப்படி ஏறும்போது ஒற்றைக் காலில் 75 கிலோவையும் தூக்குகிறோம். ஆக மிதிப்பது பலம் கூட்டும் அளவுக்குப் பாரமே இல்லை. அமாஷோவாவில் நாலரை மணி நேரத்துக்கு ஏறத்தாழ 23,000 சுற்று. அங்கே தேவைப்படுவது ஒரு முறை தூக்கும் பலம் அல்ல, சின்னச் சுமையை அத்தனை முறை தூக்கியும் சோராத தசை.

பலம் வேண்டுமென்றால் அதை ஜிம்மில் தேடுங்கள். வாரம் இரண்டு நாள், இடையில் 48 மணி நேரம் விட்டு. ஒரு காலை முன்னே வைத்து உட்கார்ந்தெழுவது, ஒவ்வொரு காலுக்கும் எட்டு, மூன்று செட். முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த பெட்டி மேல் டம்பெல்லோடு ஏறி இறங்குவது, அதே கணக்கு. இறங்குவதை மூன்று விநாடிக்கு இழுக்க வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி இடுப்பிலிருந்து குனிந்து பாரம் தூக்கும் டெட்லிஃப்ட், எட்டு முறை, மூன்று செட். கெண்டைக்காலுக்குக் குதி உயர்த்துவது பன்னிரண்டு. ஒவ்வொரு செட்டின் முடிவிலும் இன்னும் இரண்டு முறை செய்யலாம் என்ற நிலையில் நிறுத்துங்கள். முதல் இரண்டு வாரம் வெறும் உடல் எடையோடு. நீண்ட சவாரிக்கு முந்தைய நாள் வேண்டாம்; போட்டிக்குப் பத்து நாள் முன்பே பாரத்தை நிறுத்திவிடுங்கள்.

மூத்தவர்கள் சொல்லும் நசுக்கலுக்கும் இடம் உண்டு, இடம் அறிந்து செய்தால். ஆறு முதல் எட்டு வாரம் சவாரி பழகிய பிறகு, முழங்கால் வலி இல்லாதவர்கள் மட்டும்: நான்கைந்து சதவீத மேடு, உட்கார்ந்தே, 55-லிருந்து 60 சுற்று, நான்கு நிமிடம். பிறகு நான்கு நிமிடம் 90-ல் இலகுவாக. நான்கு முறை. வாரம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியம் பேச முடிகிற அளவுக்குத்தான் முயற்சி. மேல்உடம்பு ஆடாமல் இருக்க வேண்டும். தோள் ஆடத் தொடங்கினால் தொடை விட்ட வேலையை முதுகு எடுத்துக்கொண்டது என்று பொருள், அங்கேயே நிறுத்துங்கள்.

வயது 58. காலணியைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் போட்டால்தான் காலை மேலே இழுத்து மிதிக்க முடியும் என்கிறார்கள். கழற்ற முடியாமல் விழுந்துவிடுவேனோ என்று தயங்குகிறேன். — வாசகர், டொங்காட்

தயங்குங்கள் ஐயா, அவசரமே இல்லை. மேலே இழுப்பது என்பது பெரிதும் கட்டுக்கதை. கைதேர்ந்தவர்களும் நீண்ட சவாரியில் மேலே இழுப்பதில்லை. மேலே வரும் காலின் எடை மற்றக் காலுக்குச் சுமையாகாதபடி தூக்கிக்கொள்கிறார்கள், அவ்வளவே. வேண்டுமென்றே இழுத்தால் இடுப்பு மடக்கும் தசை முதலில் களைக்கும். பிடிப்புள்ள பட்டைப் பெடலும் அடிப்பாகம் கெட்டியான காலணியும் போதும். மெத்து மெத்தென்ற ஓட்டக் காலணி வேண்டாம், அழுத்தத்தை அது விழுங்கும், ஒரு மணி நேரத்தில் பாதம் எரியும்.

பிறகு மாற விரும்பினால் இரண்டு ஆணி உள்ள எஸ்பிடி வகைப் பெடல் நல்லது, அதில் நடக்கலாம். கழலும் இறுக்கத்தைக் குறைந்த அளவில் வையுங்கள். மூன்று ஆணி ரோடு வகை வாங்கினால், ஷிமானோவில் மஞ்சள் கிளீட் (காலணியின் அடியில் பொருத்தும் பூட்டுத் துண்டு) ஆறு டிகிரி அசைய விடும், சிவப்பு அசையவே விடாது. ஓட்டக்காரரின் பாதம் கொஞ்சம் திரும்பிப் பழகியது, மஞ்சளே சரி. கிளீட்டைப் பாதப் பந்துக்கு நேராக வைக்காமல் ஐந்து மில்லிமீட்டர் குதிப்பக்கம் தள்ளினால் கெண்டைக்காலுக்கு வேலை குறையும்.

புரட்டாசியில் நாங்கள் மாமிசம், மீன், முட்டை தொடுவதில்லை. போட்டிக்கு முந்தைய மாதம் அதுதான். ஜிம் பயிற்சியை நிறுத்திவிட வேண்டுமா? — வாசகி, மெரேபேங்க்

நிறுத்தவே வேண்டாம். விரதமும் பயிற்சியும் ஒன்றாகப் போகும், புரதத்தைக் கணக்கு வைத்தால். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2-லிருந்து 1.6 கிராம் வரை. 60 கிலோ என்றால் நாளுக்கு 72-லிருந்து 96. உலர்ந்த சோயா மின்ஸ் 50 கிராமில் 25 கிராம் கிடைக்கிறது. வெந்த பருப்பு 200 கிராமில் ஏறத்தாழ 18. அரை லிட்டர் பாலில் 16. வேர்க்கடலை 50 கிராமில் 12. இந்த நான்கிலேயே 71 ஆகிவிட்டது. சோறு, ரொட்டி, பீன்ஸ் கறி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள், இரவில் மட்டும் மொத்தமாக அல்ல.

சவாரியின்போது தேவை மாவுச்சத்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் மணிக்கு 30-லிருந்து 60 கிராம். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம். அன்றைக்கு முழு உபவாசம் இருப்பவர்கள் நீண்ட சவாரியை வேறு நாளுக்கு மாற்றுங்கள். சர்க்கரை இறங்கித் தலை சுற்றும்போது பக்கத்தில் லாரி போகக் கூடாது.

ஓட்டத்தை விடாமல் சைக்கிளையும் சேர்ப்பது எப்படி? சைக்கிளால் ஓட்டம் கெடுமா? சவாரி முடித்து ஓடினால் கால் கட்டை மாதிரி ஆகிறது. — வாசகர், வெருலம்

ஓட்டம் கெடாது, அதை முழுக்க விட்டால்தான் கெடும். சைக்கிளில் எலும்பில் அதிர்ச்சி விழுவதில்லை. காம்ரேட்ஸ் முடித்த காலுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் எலும்பும் குதிநாணும் அந்த அதிர்ச்சியால்தான் உறுதியாக இருக்கின்றன. மூன்று மாதம் மிதித்துவிட்டு நல்ல மூச்சோடு ஓடப்போய் குதிநாணைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய. வாரம் இரண்டு ஓட்டமாவது தொடரட்டும்.

செவ்வாய் ஒரு மணி நேரச் சவாரி, அதில் மிதிவேகப் பயிற்சி. புதன் இலகுவாக 8 கிலோமீட்டர் ஓட்டம். வியாழன் ஜிம். சனி நீண்ட சவாரி, இறங்கியதும் 15 நிமிட ஓட்டம். ஞாயிறு ஒரு மணி நேர ஓட்டம். ஜிம் இரண்டாவது முறை செவ்வாய்ச் சவாரிக்குப் பின்னால் சேரலாம். நீண்ட சவாரியை மூன்று வாரம் கூட்டி நான்காவது வாரம் குறையுங்கள். சவாரியைத் தூரத்தில் அளக்காமல் நேரத்தில் அளப்பது நல்லது. காற்றும் மேடும் கிலோமீட்டரைப் பொய்யாக்கிவிடும். கோடைப் பிற்பகலில் நம் கடற்கரையில் வடகிழக்குக் காற்று ஓங்கி வீசும். பலிட்டோ பக்கம் போகிறவர் மணிக்கு 20-க்கு இறங்கினாலும் மிதிவேகம் இறங்கக் கூடாது, எதிர்க்காற்றையும் ஒரு மேடாகவே நினையுங்கள்.

ஓட்டத்தின் இதயத்துடிப்பு எல்லைகளைச் சைக்கிளுக்கு அப்படியே எடுக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அதே முயற்சிக்குச் சைக்கிளில் ஐந்து முதல் பத்து துடிப்பு குறையும். ஓட்டத்தில் 145 இலகு என்றால் இங்கே 137 என்று வைத்துப் பாருங்கள்.

கால் கட்டையாவதற்கு: சவாரியின் கடைசி பத்து நிமிடம் கியரை இலகுவாக்கி 90-க்கு மேல் சுற்றுங்கள். இறங்கியதும் முதல் ஐந்து நிமிடம் குறுகிய அடியாக, விரைவாக வையுங்கள், நீட்டாதீர்கள். ஆறேழு முறைக்குப் பிறகு அந்தக் கனம் இரண்டு நிமிடத்தில் கரையும்.

கடலை நோக்கிப் போகும் பாதைதானே, இறக்கமே அதிகம் இருக்குமென்று நினைத்தேன். வழியில் உள்ள இஞ்சாங்கா மேட்டில் போன வருடம் இறங்கித் தள்ளினேன். முன்னால் 34 பல், பின்னால் 28, அதுதான் என் இலகுவான கியர். என்ன செய்யலாம்? — வாசகர், சாட்ஸ்வர்த்

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் இருப்பது உண்மை. இஞ்சாங்காவை எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஏறியே தீர வேண்டும் என்பது காம்ரேட்ஸ் ஓடியவர்களுக்குத் தெரியும்.

மணிக்கு 9 கிலோமீட்டரில் ஏறினால் 34-க்கு 28-ல் உங்கள் மிதிவேகம் 59. பின்னால் 34 பல் வரை உள்ள கேசட் (பின் பல்சக்கரங்களின் தொகுதி) போட்டால் 71. காலை மாற்றுவதைவிட இது மலிவு. வாங்குமுன் பின் டிரெய்லியரின் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) கைநீளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குட்டைக் கை பெரும்பாலும் 28 அல்லது 30 பல் வரைதான் தாங்கும். செயினையும் சேர்த்தே மாற்றுங்கள், பழைய அளவில் வெட்டினால் ஒன்றிரண்டு ஜோடிக் கண்ணி குறையும். பெரிய முன்சக்கரமும் பெரிய பின்சக்கரமும் சேரும்போது செயின் போதாவிட்டால் டிரெய்லியரே பிய்ந்துபோகும்.

மேட்டில் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, தொடை எரிந்த பிறகு கியர் மாற்றுவது. சுமையோடு மாற்றினால் செயின் திணறும், சில நேரம் நழுவும். சாலை நிமிரத் தொடங்குவது கண்ணில் பட்டவுடனே முன்சக்கரத்தைச் சின்னதுக்கு இறக்கி, பின்னால் இரண்டு கிளிக் கனமாக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஏற ஏற ஒவ்வொன்றாக இலகுவாக்கலாம். மாற்றும் அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் மிதியைத் தளர்த்துங்கள். இன்னொன்று, அடிவாரத்தில் கூட்டத்தோடு எகிறுவது. முதல் மூன்று நிமிடத்தைச் சுலபமாக விடுங்கள், மற்றவர் தாண்டிப் போகட்டும். உட்கார்ந்தே ஏறி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பின்கியரை ஒரு கிளிக் கனமாக்கி 15 விநாடி எழுந்து நின்று மிதித்துவிட்டு உட்காருங்கள். உட்காரும்போது அந்தக் கிளிக்கைத் திரும்ப இலகுவாக்க மறக்க வேண்டாம்.